சுவரில்லாத தண்ணீர்

பொண்டாட்டிக்கும் 'ங்க' போட்டுப் பேசுகிற மனுஷரை நான் திருப்பூருக்கு வந்துதான் பார்த்தேன். தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊரில் கோபம் வந்துவிட்டால் சாமிக்கே மரியாதை கிடையாது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. வந்திருக்கும். வெளியில் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவர் வாயிலிருந்து அதிகம் வந்தது "ஒண்ணுமில்லீங்க" என்பதுதான். காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்டால் ஒண்ணுமில்லீங்க. பல் வீங்கிக் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கும், அப்போதும் ஒண்ணுமில்லீங்க. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு நான் மறந்துபோன ஒரு நாள், தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன். சாயங்காலம் வந்தவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க அம்மிணி, தண்ணி ரெண்டு சொம்பு சேத்துக் குடிச்சுட்டேன்" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற கூச்சமெல்லாம் எனக்குக் கிடையாது. தன்னைப் பற்றி நாலு பேருக்குத் தெரிவது அவருக்குப் பிடிக்காது. அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போகிற அன்றைக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார். இதை எழுதும்போதுகூட அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் மெக்கானிக். ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்று தையல் மெஷின் எது மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் செக்கிங். தைத்து வருகிற பீஸை விரித்து, தையலை இழுத்துப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஒரு நாள் ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்துவிட்டது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்து, நோட்டில் ஒட்டிக் காட்டின பிறகுதான் அந்தத் தையல் லைன் மறுபடி ஓடும். ஒரு துண்டு துணியோடு போய் வெளிநாட்டில் ஏதோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்திவிட்டால் கதை முடிந்தது. அன்றைக்கு நுனித் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. நாற்பது பேர் எழுந்து நிற்கிறோம். காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தடவுகிறார்கள். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்துகிறார். இவரும் ஒரு கையால் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறார். மற்றக் கை பேண்ட் பாக்கெட்டில்.

வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. அவர் பாக்கெட் ஓரத்தில் சிவப்பாய் ஊறுவதை நான்தான் பார்த்தேன். "அண்ணே, கையை வெளிய எடுங்க" என்றேன். "ஒண்ணுமில்லீங்க" என்றார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். கட்டைவிரல் நகத்துக்குள்ளே ஊசி நுனி நிற்கிறது. மெஷினை ஓட்டிப் பார்க்கும்போது இறங்கியிருக்கிறது. முக்கால் மணி நேரமாக நாங்கள் தேடின துண்டு அவர் விரலுக்குள் இருந்திருக்கிறது. "ஏம் மாஸ்டர், சொல்றதுக்கென்ன?" என்று சூப்பர்வைசர் கத்தினார். "லைன் நின்னுருமேன்னு பாத்தேனுங்க" என்றார். லைன் நின்றுதான் முக்கால் மணி நேரம் ஆயிற்று. கம்பெனியே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். கட்டிக்கொண்டேன்.

அவர் ஏன் அப்படி என்று நான் தேடாத இடமில்லை. சின்ன வயதில் யாராவது அடித்து வளர்த்தார்களா என்று பார்த்தேன். அப்படியும் இல்லை. பொங்கலூர் பக்கம் தோட்டம், தண்ணீர் வற்றாத கிணறு, யார் வந்தாலும் சாப்பிடாமல் அனுப்பாத குடும்பம். என் மாமியாரிடமே கேட்டேன். "அவன் பொறந்தப்பவே அழுகல கண்ணு. நர்சம்மா தலகீழாப் புடிச்சு ரெண்டு தட்டு தட்டுனதுக்கப்புறந்தான் சத்தமே வந்துச்சு" என்று சிரித்தார். அவ்வளவுதான் காரணம் என்றால் அவ்வளவுதான். சிலருக்கு வாய் அப்படி அமைந்துவிடுகிறது.

அந்தக் கிணற்றில் அவர் நீச்சல் அடிக்கிறதைப் பார்க்க வேண்டும். மோட்டார் ரூம் மேலே ஏறி நின்று தலைகீழாகக் குதிப்பார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, விசுக் விசுக்கென்று பத்துப் பன்னிரண்டு கை போட்டு, எதிர்ச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். மறுபடி பத்துக் கை, மறுபடி கல். நான் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "எங்க ஆத்துல இப்படி அடிச்சா பாதியிலயே மூச்சு போயிரும்" என்று கேலி செய்வேன். ஆற்றில் பிடிக்க ஒன்றும் கிடையாது. களைத்துப் போனால் மல்லாந்து மிதக்க வேண்டும், தண்ணீர் இழுக்கிற பக்கம் கொஞ்சம் போய்த்தான் கரையேற வேண்டும். எனக்கு ஏழு வயதிலேயே அது வந்துவிட்டது. மல்லாந்து மிதக்கத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். "அதுக்கு அவசியமே வரலீங்க" என்றார். உண்மைதான். நாற்பதடிக் கிணற்றில் நாலு பக்கமும் சுவர்தானே.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் எனக்கு வயிற்றில் தங்கினது நாலாவது மாதம் கலைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். அவர் வந்து பக்கத்தில் நின்று, போர்வையை இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க அம்மிணி. எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்த வார்த்தையை அந்த இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. நாலு மாதம் நான் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒண்ணுமில்லையா? என்னோடு சேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் போதும். அவர் மறுநாள் வேலைக்குப் போனார். நான் வீட்டில் தனியாக அழுதேன்.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல் இருந்தோம். என் அம்மாவுக்குப் போன் பண்ணி, "வந்தாலும் வருவேம்மா" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜைக்குக் கம்பெனி மூன்று நாள் லீவு விட்டது. அவராகவே, "கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் ரெண்டு நாள் போய்ட்டு வரலாமுங்களா? ஏரி இருக்குதாமா, நடக்கறதுக்கு நல்லா இருக்குமாமா" என்று கேட்டார். சரி என்றேன். மனதுக்குள் ஒரு முடிவோடுதான் சரி என்றேன். இந்த இரண்டு நாளில் வலி, பயம், துக்கம் எதுவானாலும் சரி, தானாக வாய் திறந்து ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டாரானால் இவரோடு இருந்துவிடுவது. இல்லையென்றால் திரும்பி வந்த மறுநாள் பஸ் ஏறுவது. துணிப்பையில் அதற்கும் சேர்த்து நாலு சேலை எடுத்து வைத்தேன். அவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாக இருக்கிறதே என்றுகூடக் கேட்கவில்லை.

தாராபுரம், பழனி தாண்டி பைக்கிலேயே மலை ஏறினோம். வழியெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். "இடுப்பு வலிக்குதா?" ஒண்ணுமில்லீங்க. "குளிருதா?" ஒண்ணுமில்லீங்க. கை இரண்டும் நடுங்கி ஹாண்டில்பார் ஆடுகிறது, குளிரவில்லையாம்.

மேலே பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்குகிற ஒரு சின்ன ஊரில் ரூம் எடுத்தோம். அன்றைக்குப் பைன் மரங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் நடந்து, ஒரு மேட்டில் ஏறி, கீழே தெரிந்த முதல் ஏரியைப் பார்த்தோம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. எனக்கு அது மனதில் ஒட்டவில்லை. அவர் நடை மாறியிருப்பதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைக்கிறார். இந்தப் பயணத்துக்கென்றே வாங்கின புது ஷூ. "கடிக்குதா?" என்று கேட்டேன். வேறென்ன பதில் வரும்? ரூமுக்கு வந்து ஷூவைக் கழற்றினபோது சாக்ஸ் குதிகாலோடு ஒட்டியிருந்தது. உரித்ததில் தோலும் சேர்ந்து வந்தது. "கடையிலயே சிறுசுன்னு தெரியுமில்ல?" என்றேன். "அந்தப் பையன் பத்து ஜோடி எடுத்துப் போட்டுட்டானுங்க. மறுக்காவும் எப்படிக் கேக்கறது" என்றார். நான் சுடுதண்ணீர் வைத்துக் கழுவிவிட்டேன். ஒரு தடவை 'ஸ்' என்று சொல்லியிருந்தால்கூட அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பேன். சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டாவது ஏரிக்குப் போனோம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கூட்டம் போய்விடும். ரூம்காரர் அனுப்பும்போதே, "ஓரமா குளிச்சுக்கங்க, உள்ள போகாதீங்க, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். கரையில் எங்களைத் தவிர ஆளே இல்லை. தண்ணீருக்கு நடுவில் ஒரு பட்ட மரம் நின்றது. கரையிலிருந்து நூற்றைம்பது அடி தூரம் இருக்கும். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் வந்த வெளிச்சம்.

"அந்த மரத்தத் தொட்டுப்போட்டு வந்தர்றேனுங்க அம்மிணி."

"வேண்டாங்க. இது கிணறு இல்ல."

"ஒண்ணுமில்லீங்க, ரெண்டே நிமிசம்."

போட்டிருந்த ரவுண்ட் நெக் பனியனோடு இறங்கிவிட்டார். நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். குளிர் எலும்பில் ஏறியது. அவர் கிணற்றில் அடிக்கிற மாதிரியே விசுக் விசுக்கென்று கை போட்டார். என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. பன்னிரண்டாவது கையில் அவர் வலது கையை நீட்டி விரல்களை மடக்கினார். அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை நீட்டினார். கல்லைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பன்னிரண்டாவது கையில் கல் கிடைத்த உடம்பு, இங்கேயும் அதைத் தேடுகிறது.

"என்னங்க! நல்லா இருக்கியளா? நான் வரட்டுமா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். முகவாய்க்கட்டை தண்ணீரில் இருந்தது. சிரித்தார். "ஒண்ணுமில்லீங்க" என்றார். தெளிவாகக் கேட்டது.

நான் நின்றேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம் நின்றேன். அவரை நம்பித்தான் நின்றேனா, இல்லை 'கூப்பிடட்டும், இப்போதாவது கூப்பிடட்டும்' என்ற பிடிவாதத்தில் நின்றேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த இரண்டு மூச்சை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் அவர் தலை பின்னால் சாய்ந்தது. வாய் மேலே வந்தது, உள்ளே போனது, மேலே வந்தது. கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கின. சத்தமே இல்லை. முழுகுகிற ஆள் கத்த மாட்டான், ஆற்றங்கரையில் வளர்ந்த எனக்குத் தெரியும். ஆனால் இவர் கத்த முடிந்தபோதும் கத்தவில்லை. நான் பாய்ந்தேன். சுடிதார் காலைச் சுற்றியது. போய்ச் சேர்ந்தபோது அவர் கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கிட்டே போன நொடியில் என் இடது தோளைப் பிடித்துவிட்டார். கிணற்றுக் கல்லைப் பிடிக்கிற பிடி. நகம் நாலும் சதைக்குள் இறங்கின. இருவரும் சேர்ந்து உள்ளே போனோம். பச்சை இருட்டு. இவரோடு போய்விடுவேன் என்றே நினைத்தேன். எங்கள் ஊர்ப் பழக்கம்தான் காப்பாற்றியது. பிடித்த ஆளை உதறக் கூடாது, இன்னும் கீழே போக வேண்டும். போனேன். பிடி தளர்ந்தது. பின்பக்கமாக வந்து பனியன் கழுத்தைப் பிடித்தேன்.

எத்தனை ஆயிரம் பனியனின் கழுத்துப் பட்டையை, எங்கள் பாஷையில் ரிப்பை, இழுத்து இழுத்துப் பார்த்துப் பாஸ் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு ரிப்பைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து, காலை உதைத்து உதைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே கரைக்கு வந்தேன். தையல் விடவில்லை. தைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். தண்ணீராகக் கக்கினார். இருமி முடித்து, மூச்சு வந்து, என்னைப் பார்த்து முதல் வார்த்தை பேசினார்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. காலு கொஞ்சம் புடிச்சுக்கிச்சு."

ஓங்கி ஓர் அறை விட்டேன். புருஷனை அடித்தேன் என்று எழுதுவதற்கு வெட்கமில்லை. "ஒண்ணுமில்லையா? என் புள்ள போனப்பவும் ஒண்ணுமில்ல, நீங்க சாகப் போனப்பவும் ஒண்ணுமில்லையா? எதுதான்யா உங்களுக்கு ஏதாவது? நான் யாருன்னு கேக்குதேன்! வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா உங்க வாயா தேய்ஞ்சு போகும்?" ஏரி முழுக்க என் சத்தம்தான்.

அவர் என் தோளையே பார்த்தார். சுடிதார் கிழிந்து நாலு கோடாக ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பனியனைக் கழற்றிப் பிழிந்து தோளில் வைத்து அழுத்தினார். கண்ணிலிருந்து வந்தது ஏரித் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. அவர் வாய் திறந்து திறந்து மூடியது, எந்த வார்த்தையும் வரவில்லை. அந்த ஒரு முறை, ஒண்ணுமில்லீங்க என்றும் வரவில்லை.

மலை இறங்கும்போது நான் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். வாயால் கூப்பிடவில்லை. அது நிச்சயம். ஆனால் பிடித்தாரே? யாராக இருந்தாலும் பிடித்திருப்பார் என்று ஒரு மனது சொல்கிறது. அவரால் முடிந்தது அவ்வளவுதான், அதை எடுத்துக்கொள் என்று இன்னொரு மனது சொல்கிறது. தாராபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினபோது பையை என் மடியிலிருந்து அவரே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "கனமா இருக்குதுங்க" என்றார். வீட்டுக்கு வந்து நாலு சேலையையும் பீரோவில் திரும்ப வைத்தேன். அந்த நாலு நகக்குறியை நம்பி இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். அவர் மாறிவிடவில்லை. ஆனால் சில நாள் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் அந்தத் தழும்பு இருக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். நானும் சும்மா இருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலை நெஞ்சைத் தடவிக்கொண்டே டீ குடித்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, வாயு" என்றார். கம்பெனியில் பதினோரு மணிக்கு ஒரு டெய்லர், "ஏம் மாஸ்டர் இப்படி வேர்க்குது?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் அதே பதில். சாப்பாட்டு மணி அடித்தபோது மெஷின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. சுற்றிலும் நாற்பது பேர். நான் அடுத்த ஹாலில் இருந்தேன். ஒரு சுவர்தான் நடுவில். "இவ்வளவு நேரம் வலிச்சிருக்கும், யாரையுமே கூப்பிடலையா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். அந்த அம்மாவிடம் நான் என்னவென்று சொல்வது?

இதெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கை ஜில்லிட்டது. என் பக்கத்து டேபிளில் ஒடிசாக்காரி ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது இளையவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். அக்கா என்பதற்கு அவள் பேச்சில் தீதி. அவள் என்னைப் பார்த்து, "என்ன தீதி?" என்று கேட்டாள். என் வாயிலிருந்து வந்தது: "ஒண்ணுமில்லீங்க."

பதினைந்து வருஷம் திருப்பூரில் இருந்தும் என் பேச்சு மாறவில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறவள் நான். அவருடைய வார்த்தை, அவருடைய இழுவையோடு, என் வாயில். பயந்துபோனேன். கையை நீட்டினேன், டேபிள் விளிம்பு கிடைக்கவில்லை. அவள் தோள் கிடைத்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். "என்னால முடியல! யாராவது வாங்க! வாங்களேன்!"

லைன் நின்றது. வந்தார்கள். சூப்பர்வைசர், ஐயர்னிங் அண்ணன், பேக்கிங் பெண்கள், பெயர் தெரியாத வடக்கத்திப் பையன்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். தூக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் குறைவு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். படுத்துக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து நர்ஸ் பயந்துவிட்டாள். ஒரு சத்தம் போட்டால் இத்தனை பேர் வருவார்கள். அது தெரியாமலே போய்விட்டாரே அந்த மனுஷர்.

மறுநாள் வேலைக்குப் போனபோது பார்த்தேன், ஒடிசாக்காரியின் கழுத்தோரம் சிவப்பாய் என் நகம் பதிந்திருந்தது. "ஐயோ, வலிக்குதா?" என்று கேட்டேன். அவள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, "ஒண்ணும் இல்லே தீதி" என்றாள்.

பீஸைக் கீழே வைத்தேன். "அப்படிச் சொல்லாத. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் விடவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். பிறகு துப்பட்டாவை விலக்கினாள்.

"வலிக்குது தீதி" என்றாள்.

என் டப்பாவில் இருந்த களிம்பை எடுத்துப் போட்டுவிட்டேன்.